மாடல் கொட்டகையில் முதல் ஆறு மாதம்: நீரியல் ஆய்வு நிலையத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கல்லூரி ஹைட்ராலிக்ஸ் லேபில் ஒரு கண்ணாடித் தொட்டி, ஓடும் நீரை அளக்க 'V' வடிவில் வெட்டிய தகடான ஒரு வீ-நாட்ச், ஒரு ரெக்கார்டு நோட்டு. அதோடு பாடம் முடிந்துவிடும். அதனால்தான் ஆய்வு நிலையத்தின் மாடல் கொட்டகைக்குள் முதல் தடவை நுழைகிறவர்கள் திகைத்து நிற்கிறார்கள். கல்யாண மண்டபம் அளவு இடத்தில் ஓர் ஆறு செங்கல்லும் சிமெண்டுமாக நீண்டு கிடக்கும். அதன் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஓர் அணை நிற்கும். நாலைந்து பேர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, குனிந்து எதையோ அளந்துகொண்டிருப்பார்கள். பம்ப் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. நான் சேர்ந்த புதிதில் எது முதலில், எது பிறகு என்று யாரும் வரிசையாகச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றதை, இனி வருகிறவர்களுக்காக வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

இந்தியாவில் இந்த வேலைக்குத் தாய்வீடு புனேவுக்குப் பக்கத்தில், கடக்வாஸ்லாவில் இருக்கும் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம். 1916-ல் பம்பாய் மாகாண அரசு பாசனத்துக்கென்று தொடங்கிய ஒரு சிறிய தனிப்பிரிவுதான் அது. கிளாட் இங்கிலிஸ் என்ற பொறியாளர் பல ஆண்டுகள் அதை நடத்தினார். ஆறு ஏன் வளைந்து நெளிந்து ஓடுகிறது, பாலத்தின் தூணடியில் மண் எவ்வளவு ஆழம் அரிக்கும் என்ற கேள்விகளையெல்லாம் அங்கே மாடல் வைத்துப் பார்த்தவர் அவர். பிற்பாடு இங்கிலாந்தின் வாலிங்ஃபோர்டில் இதேபோன்ற நிலையம் உருவானபோது அதன் முதல் இயக்குநரானதும் அவர்தான். 1930களில் மத்திய அரசின் கைக்கு வந்த கடக்வாஸ்லா நிலையம் இன்று ஜல் சக்தி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. தமிழ்நாட்டில் பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே 1944-லிருந்து மாநில அரசின் நீரியல் ஆய்வு நிலையம் இயங்குகிறது. இடம் எதுவானாலும் வேலையின் போக்கு ஒன்றுதான். அணையோ துறைமுகமோ கட்டப்போகிறவர்கள் ஒரு சந்தேகத்தோடு வருவார்கள். அதைச் சிறிய அளவில் கட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்துப் பதில் சொல்வோம்.

இதன் அவசரம் புரிய கடக்வாஸ்லாவின் வரலாறே போதும். 1961 ஜூலை 12 அன்று மேலே கட்டுமானத்தில் இருந்த பான்ஷேத் அணை உடைந்தது. அந்த வெள்ளம் இறங்கி வந்து கடக்வாஸ்லா அணையையும் உடைத்து, புனே நகருக்குள் புகுந்தது. நீரியல் ஆய்வு நிலையத்தின் பக்கத்து அணைக்கே நேர்ந்தது இது.

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

வேலை ஒரு கடிதமாக வரும். அதில் "மாடல் ஆய்வு செய்து தரவும்" என்று இருக்கும். எதற்கு என்பது தெளிவாக இருக்காது. ஸ்பில்வேயின், அதாவது அணையிலிருந்து உபரிநீரை வெளியேற்றும் வழியின், கொள்ளளவு போதுமா என்று கேட்கிறார்களா? அதன் அடியில் விழும் தண்ணீரின் வேகத்தை ஸ்டில்லிங் பேசின் என்ற கான்கிரீட் தொட்டி அடக்குமா என்று கேட்கிறார்களா? வலது கரைச் சுவர் எவ்வளவு உயரம் வேண்டும் என்றா? மூன்றுக்கும் மூன்று விதமான மாடல் வேண்டும். கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, கேள்வியை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரே வாக்கியமாக எழுதி மூத்தவரிடம் காட்டுங்கள். அவர் தலையாட்டும்வரை திருத்துங்கள். ஸ்கேலும் (நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்கிக் கட்டுகிறோம் என்பது) செலவும் இந்த வாக்கியத்திலிருந்துதான் பிறக்கின்றன.

இரண்டாம் படி: தரவும் அலகும்

நம் ஊரில் வெள்ளம் கனஅடியில் பேசப்படும், தேக்கம் டிஎம்சியில் பேசப்படும். வரைபடம் மீட்டரில் வரும், பழைய ஆவணம் அடியில் இருக்கும். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இந்த இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள்: விநாடிக்கு 1 கனமீட்டர் என்றால் 35.31 கனஅடி. 1 டிஎம்சி என்பது ஒரு நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கனஅடி ஓடினால் சேரும் தண்ணீர். வந்த எண்ணையெல்லாம் முதல் நாளே மெட்ரிக்குக்கு மாற்றி, மாற்றியதை இன்னொருவரிடம் சரிபார்க்கக் கொடுங்கள்.

அலகைவிட மோசமான பொறி, மட்டம். அணைக்காரர்கள் கடல்மட்டத்திலிருந்து சொல்வார்கள். துறைமுகத்தார் கடல் வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து சொல்வார்கள். பழைய வாய்க்கால் வரைபடங்களில் அந்த ஊருக்கு மட்டும் தெரிந்த ஒரு கல்லிலிருந்து கணக்கு இருக்கும். மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவராமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

ஸ்பில்வே வேலை என்றால் அணைக்குக் கீழே ஆற்றில் எவ்வளவு ஓடினால் எவ்வளவு மட்டம் நிற்கும் என்ற வளைகோட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பலர் இதை மறப்பார்கள். ஆனால் ஸ்பில்வேயின் அடியில் நீர்த்துள்ளல் (வேகமாக வரும் நீர் சட்டென்று எழும்பி வேகம் இழப்பது) எங்கே உட்காரும் என்பதை முடிவுசெய்வதே இந்தக் கீழ்மட்டம்தான்.

முடிந்தால் ஒருமுறை இடத்தைப் போய்ப் பாருங்கள். ஷட்டர் இயக்கும் லஸ்கரோடு ஒரு மணி நேரம் பேசுங்கள். "எந்த ஷட்டரைத் திறந்தா அதிருது? எந்தக் கரையில கல்லு பெயர்ந்து போகுது அண்ணே?" என்று கேளுங்கள். கீழே ஊரில் வயதானவர்களிடம் வெள்ளம் எந்தப் படி வரைக்கும் வந்தது என்று கேட்டு, அந்தச் சுவரில் மட்டம் எடுத்து வாருங்கள். பிறகு மாடலைச் சரிபார்க்கும் நாளில் அந்த ஒரு மட்டம் உங்களைக் காப்பாற்றும்.

மூன்றாம் படி: ஸ்கேல்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இதில் நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

திறந்த வெளியில் ஓடும் தண்ணீரை இயக்குவது புவியீர்ப்பு. அதனால் நிஜத்திலும் மாடலிலும் ஃப்ரூட் எண் ஒன்றாக இருக்க வேண்டும். அதாவது, நீரின் வேகத்தை, ஆழத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தால் வகுத்தால் இரண்டு இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துப் பார்த்த வில்லியம் ஃப்ரூடின் பெயர்தான் அது. இந்த ஒரு நிபந்தனையிலிருந்து மற்றதெல்லாம் வந்துவிடும். நீளம் 1:50 என்றால் வேகமும் நேரமும் 50-ன் வர்க்கமூலமான 7.07-ஆல் வகுபடும். வெளியேறும் நீரின் அளவு 50-ன் இரண்டரை அடுக்கால், அதாவது 17,678-ஆல் வகுபடும். நிஜத்தில் 24 மணி நேரம் ஓடும் வெள்ளம் மாடலில் சுமார் 3 மணி 24 நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நர்மதை மேல் நிற்கும் சர்தார் சரோவர் அணையின் ஸ்பில்வே ஆய்வுகள் கடக்வாஸ்லாவில் நடந்தன. அங்கே என்ன ஸ்கேல் எடுத்தார்கள் என்பதை விட்டுவிட்டு, நாமே புதிதாகத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஸ்பில்வேயின் கொள்ளளவு விநாடிக்கு 87,000 கனமீட்டர், அகலமான 30 ஷட்டர்கள். முழு அணையையும் 1:100-ல் கட்டினால் நீரின் அளவு ஒரு லட்சத்தால் வகுபடும், ஆக விநாடிக்கு 870 லிட்டர் வேண்டும். பெரிய பம்ப், பெரிய சம்ப் எல்லாம் வேண்டும். கரையோரச் சுழல், ஷட்டர்களுக்குள் நீர் பிரிந்துபோகும் விதம் ஆகியவற்றைப் பார்க்க இது சரி. ஸ்பில்வேயின் மேல் அழுத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்க இது மிகவும் சின்னது. அதற்கு ஒன்றிரண்டு கண்களை (ஒரு ஷட்டர் அடைக்கும் திறப்புதான் ஒரு கண்) மட்டும் எடுத்து, கண்ணாடிச் சுவர் வைத்த ஃப்ளூம் என்ற நீளத் தொட்டியில் 1:50-ல் கட்டலாம். 18.3 மீட்டர் அகலக் கண் 36.6 சென்டிமீட்டர் ஆகும்; சராசரியாக ஒரு கண்ணில் போகும் 2,900 கனமீட்டர், 164 லிட்டராகச் சுருங்கும். ஒரே அணைக்கு இரண்டு மாடல் ஏன் என்று இப்போது புரியும். கேள்வி மாறினால் ஸ்கேல் மாறும்.

ஆற்று மாடலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அகலம் இரண்டு கிலோமீட்டர், ஆழம் ஆறு மீட்டர் உள்ள ஆற்றை 1:300-ல் கட்டினால் ஆழம் இரண்டே சென்டிமீட்டர். அந்தத் தண்ணீர் ஆறு மாதிரி நடந்துகொள்ளாது, தரையில் கொட்டிய தண்ணீர் மாதிரி ஊர்ந்து போகும். அதனால் கிடைமட்டத்துக்கு ஒரு ஸ்கேல், செங்குத்துக்கு வேறு ஸ்கேல் எடுப்பார்கள். 1:300-க்கு 1:60 என்று வைத்தால் ஆழம் பத்து சென்டிமீட்டருக்கு வந்துவிடும். நேரம் சுமார் 38.7-ஆல் வகுபடும். 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் கடல் ஓதம் இந்த மாடலில் 19 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து போகும். முகத்துவார மாடல் ஒன்றில் ஓதம் ஏறி இறங்குவதை முதல் முறை நின்று பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

நான்காம் படி: மாடல் எதைச் சொல்லாது என்று எழுதி வையுங்கள்

புவியீர்ப்பைச் சரியாகச் சுருக்கிவிட்டோம். நீரின் பரப்பு இழுவிசை சுருங்கவில்லை, பாகுத்தன்மை சுருங்கவில்லை, கொட்டகைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தமும் சுருங்கவில்லை. மாடலில் ஓடுவது அதே தண்ணீர், அதே காற்று. ஸ்பில்வே முகட்டின் மேல் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவாக நீர் போனால் பரப்பு இழுவிசை அதைப் பிடித்து இழுக்கும், எண்ணை நம்பாதீர்கள். நிஜ அணையில் வெள்ளையாக நுரைத்து விழும் தண்ணீர் மாடலில் கண்ணாடி போலத் தெளிவாக விழும். காற்று கலப்பதை மாடல் குறைத்தே காட்டும்.

மிக ஆபத்தானது அழுத்தம். 1:50 மாடலில் ஸ்பில்வேயின் முதுகில், நீரின் உயரக் கணக்கில், காற்றழுத்தத்தைவிட 20 சென்டிமீட்டர் குறைவாக, அதாவது மைனஸ் 20 சென்டிமீட்டர் அழுத்தம் வந்தது என்று வையுங்கள். மாடல் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். நிஜத்துக்கு மாற்றினால் மைனஸ் 10 மீட்டர். அந்த அழுத்தத்தில் தண்ணீர் தண்ணீராக நிற்காது, ஆவிக் குமிழியாகும். குமிழி உடையும் இடத்தில் கான்கிரீட் கொத்துக் கொத்தாகப் பெயரும். அமெரிக்காவின் கிளென் கேன்யன் அணையில் 1983 வெள்ளத்தின்போது ஸ்பில்வே சுரங்கத்தின் கான்கிரீட் பூச்சைக் குமிழிகள் இப்படித்தான் உடைத்து, பாறையில் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குக் குழி பறித்துவிட்டன. வேகமான நீருக்குள் காற்றைப் புகுத்தும் வழி செய்துதான் பிறகு அதைச் சரிசெய்தார்கள்.

மணலும் சுருங்காது. 0.2 மில்லிமீட்டர் ஆற்று மணலை 50-ஆல் வகுத்தால் களிமண் போன்ற தூள் வரும். அது மணல் போல உருளாமல் ஒட்டிக்கொள்ளும். அதற்காக நிலக்கரித் தூள், பிளாஸ்டிக் மணி போன்ற லேசான பொருளைப் போடுவார்கள். எங்கே அரிக்கும், எங்கே படியும் என்று அது காட்டும். எத்தனை மீட்டர் அரிக்கும் என்று அதைவைத்து அடித்துச் சொல்லக் கூடாது.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, உங்கள் மாடலுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். பார்க்க வரும் அதிகாரிகளும் படிக்கட்டும்.

ஐந்தாம் படி: கட்டுவது

ஆற்றின் ஒவ்வொரு குறுக்குவெட்டையும் ஒட்டுப்பலகையிலோ அலுமினியத் தகட்டிலோ வெட்டி, அதனதன் தூரத்தில் மட்டம் பார்த்து நிறுத்துவார்கள். இடைவெளியில் மணல் நிரப்பி, தட்டி, மேலே சிமெண்ட் பூசுவார்கள். ஸ்பில்வேயைப் பளபளப்பான மரத்திலோ, பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கிலோ ஆசாரி செய்வார். பெர்ஸ்பெக்ஸ் வெறும் அழகுக்கு அல்ல. சொரசொரப்பும் சுருங்க வேண்டும். சொரசொரப்பைக் குறிக்கும் மேனிங் எண் நிஜக் கான்கிரீட்டுக்கு 0.015 என்றால், 1:50 மாடலில் அது 0.008-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாதாரண சிமெண்ட் பூச்சு அவ்வளவு வழவழப்பு தராது.

1:50 மாடலில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டர். இது புதிய பொறியாளருக்குத் தெரியும், முப்பது வருடம் மாடல் கட்டிய மேஸ்திரிக்கு அவர் கைக்கே தெரியும். அவர் பூசும்போது பக்கத்தில் உட்காருங்கள். "மேஸ்திரி, இந்த வளைவில் ஏன் மெல்லிசா விட்டீங்க?" என்று கேளுங்கள். முந்தைய பத்து மாடல்களில் எங்கே விரிசல் விட்டது, எங்கே தண்ணீர் கசிந்தது என்று அவர் சொல்லும் பதில் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. பூச்சு காய்ந்த பிறகு மட்டத்தை நீங்களே மறுபடி எடுங்கள். வரைபடத்தில் இருப்பதை அப்படியே நோட்டில் எழுதாதீர்கள், கட்டியது எப்படி இருக்கிறதோ அதை எழுதுங்கள்.

ஆறாம் படி: தண்ணீர் விட்டு நம்பவைப்பது

எல்லா மாடலுக்கும் நீரின் சுற்று ஒன்றுதான். சம்ப்பிலிருந்து பம்ப் எடுத்து மேல்தொட்டிக்குக் கொடுக்கும், அங்கிருந்து அளவு பார்க்கும் நாட்ச், அலையை அடக்கும் ஓட்டைச் சுவர், மாடல், கீழ்மட்டத்தை நிர்ணயிக்கும் டெயில் கேட், திரும்பவும் சம்ப். இந்தச் சுற்றை முதல் நாளே கையால் தொட்டுத் தொட்டு நடந்து பாருங்கள். எந்த வால்வு எதற்கு என்று தெரியாமல் எதையும் திருகாதீர்கள். ஈரத் தரையும் மின்சாரப் பலகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடம் அது. தனியாக நின்று பம்ப் ஓட்டாதீர்கள்.

மாடல் சரிதானா என்று தெரிய, நிஜத்தில் அளக்கப்பட்ட ஒரு வெள்ளத்தை முதலில் ஓட்ட வேண்டும். ஊர்ச் சுவரில் எடுத்து வந்த அந்த மட்டம் மாடலிலும் வருகிறதா? வராவிட்டால் படுகையில் சின்னக் கற்களைப் பதித்துச் சொரசொரப்பைக் கூட்டியோ, பூச்சைத் தேய்த்துக் குறைத்தோ கொண்டுவர வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரப்படுத்துகிறவர்கள் இருப்பார்கள். இந்தப் படி முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நிஜத்தோடு ஒத்துப்போகாத மாடலின் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை.

ஏழாம் படி: அளப்பது

நீர்மட்டம் அளக்க பாயின்ட் கேஜ். ஊசிமுனை நீரின் பரப்பைத் தொடும் கணத்தில் பரப்பு லேசாக எழும்பி ஊசியைப் பிடிக்கும், அந்த இடத்தில் வாசிக்க வேண்டும். கண் மட்டத்தை மாற்றாமல் வாசித்தால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை படிக்கலாம்.

நாட்ச் வாசிப்பில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். 90 பாகை வீ-நாட்சில் 20 சென்டிமீட்டர் நீர் நின்றால் விநாடிக்கு ஏறக்குறைய 25 லிட்டர் போகிறது. அந்த 20-ஐ இரண்டு மில்லிமீட்டர் தப்பாக வாசித்தால், ஒரு சதவீதப் பிழை, நீரின் அளவில் இரண்டரை சதவீதமாக வளரும். சேர்ந்த முதல் வருடம் நான் ஒரு காலை முழுக்க அளவு எடுத்தேன், மதியம்தான் தெரிந்தது, கேஜின் பூஜ்ஜியத்தை முந்தின நாள் யாரோ கழற்றி மாட்டிய பிறகு சரிபார்க்கவில்லை என்று. எடுத்த எண்கள் அனைத்தையும் குறுக்காக அடித்துவிட்டு மறுபடி தொடங்கினோம். அன்றிலிருந்து காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை பூஜ்ஜியம் பார்த்து நோட்டில் எழுதுவது பழக்கமாகிவிட்டது. அடித்த பக்கத்தைக் கிழிக்காதீர்கள், அதுவும் ஆவணம்தான்.

பம்ப் ஓட்டியதும் அளக்க ஓடாதீர்கள். நாட்சிலும் டெயில் கேட்டிலும் மட்டம் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். அந்த நேரத்தில் கண்ணால் பாருங்கள். காகிதத் துணுக்குகளைத் தூவிவிட்டு எங்கே சுற்றுகின்றன என்று கவனியுங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஒரு சொட்டு விட்டு, நிறம் எந்தத் தூணின் பின்னால் தேங்குகிறது என்று பாருங்கள். கருவிகளை எங்கே வைக்க வேண்டும் என்பதை அந்த நிறம்தான் சொல்லும்.

கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததும் நிறுத்தாமல், கேட்காததையும் ஓட்டிப் பாருங்கள். எல்லா ஷட்டரும் சமமாகத் திறந்திருக்கும்போது அழகாக அடங்கும் தண்ணீர், ஒரு பக்கம் மட்டும் திறந்தால் ஸ்டில்லிங் பேசினுக்குள் சுழன்று, கீழே கிடக்கும் கற்களை உள்ளே இழுத்துவரும். அந்தக் கற்கள் அம்மியில் அரைப்பதுபோல் கான்கிரீட்டை அரைக்கும். நிஜ வாழ்க்கையில் ஷட்டர் மாட்டிக்கொள்ளும், மின்சாரம் போகும். பெருவெள்ளம் பல வருடங்களுக்கு ஒருமுறைதான் வரும், ஒரு ஷட்டர் மட்டும் கொஞ்சம் திறந்திருப்பது வருடத்தில் பல நாட்கள் நடக்கும். எந்த வரிசையில் ஷட்டர்களைத் திறக்க வேண்டும் என்று லஸ்கருக்குப் போய்ச் சேரும் அட்டவணை இந்தச் சோதனையிலிருந்து வருகிறது. என்னைக் கேட்டால் மாடல் ஆய்வு தரும் மிக உபயோகமான ஒரே காகிதம் அதுதான்.

கடல் வேலை வந்தால்

அலைத்தடுப்புச் சுவர் சோதிக்கும் ஃப்ளூமில் எடை, நீளத்தின் கனஅடுக்கால் சுருங்கும். 1:40-ல் அது 64,000. எட்டு டன் டெட்ராபாட் (அலையை உடைக்க அடுக்கும் நாலு கால் கான்கிரீட் கட்டி) 125 கிராம் ஆகிவிடும், உள்ளங்கையில் நிற்கும். நிஜத்தில் உப்புநீர், இங்கே நன்னீர் என்பதால் அடர்த்தி வித்தியாசத்துக்காக எடையைக் கொஞ்சம் திருத்துவார்கள். டெட்ராபாட்களை வரிசை வரிசையாக வேறு வேறு நிறம் பூசி அடுக்குங்கள். அலை அடித்த பிறகு எத்தனை இடம் மாறின என்று எண்ணுவது எளிது.

மணல் கேள்வியும் வரும். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகு, தெற்கிலிருந்து கரையோரமாக வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டு மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கத் தொடங்கியது. எந்தத் துறைமுக மாடலிலும் வரைபடத்தின் ஓரத்துக்கு அப்பால் இருக்கும் மீனவர் ஊர்கள் எவை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: கம்ப்யூட்டர்

ஆற்றில் நீர் ஓடுவதைக் கணக்கிடும் ஹெக்-ராஸ் போன்ற இலவச மென்பொருளை இன்றே இறக்கிப் பழகலாம். நீளமான ஆற்றில் வெள்ளம் எப்போது எங்கே வரும் என்பதற்கு அதுவே சரியான கருவி. தூணைச் சுற்றி நீர் முறுக்கிக்கொள்ளும் இடத்துக்கு செங்கல் மாடல் இன்னும் வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் கம்ப்யூட்டரில் பத்து வடிவங்களைச் சலித்து, தேறிய இரண்டை மட்டும் கட்டிப் பார்ப்பார்கள். மென்பொருளிலும் சொரசொரப்பு எண்ணை நாம்தான் கொடுக்கிறோம், அதையும் அந்த ஊர்ச் சுவரின் மட்டத்தோடு ஒப்பிட்டாக வேண்டும்.

ஒன்பதாம் படி: அறிக்கையும் அதற்குப் பிறகும்

எல்லா எண்ணையும் நிஜ அளவில் எழுதுங்கள். மாடல் அளவை அட்டவணையில் பக்கத்தில் வையுங்கள். கணிப்பொறி ஏழு தசமம் கொடுத்தாலும், உங்கள் கேஜ் எவ்வளவு நம்பகமோ அவ்வளவு இலக்கம் மட்டும் எழுதுங்கள். நான்காம் படியில் சுவரில் ஒட்டிய தாள் இங்கே ஒரு முழு அத்தியாயமாக வர வேண்டும். முதல் பக்கத்தில், முதல் நாள் எழுதிய அந்த ஒற்றை வாக்கியக் கேள்வியும் அதன் கீழே ஒற்றை வாக்கியப் பதிலும் இருக்கட்டும். பதில் "இந்த வடிவம் போதாது" என்றால் அப்படியே எழுதுங்கள்.

அறிக்கை போனதும் அடுத்த வேலைக்கு இடம் வேண்டும் என்று மாடலை இடிக்கச் சொல்வார்கள். அதற்கு முன் வடிவமைப்புப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஏதாவது மாற்றம் வரப்போகிறதா என்று. எல்லா இடத்திலும் கடைசியாக ஒருமுறை மட்டம் எடுத்து, எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பெர்ஸ்பெக்ஸ் ஷட்டர்களைக் கழற்றி, அணையின் பெயரும் ஸ்கேலும் எழுதி அலமாரியில் அடுக்குங்கள். பிறகு மேஸ்திரியைக் கூப்பிடலாம். உடையாத செங்கற்களை அவர் தனியாகப் பொறுக்கி அடுத்த ஆற்றுக்காக எடுத்து வைப்பார்.